எந்தச் சொல்லு எங்க உக்காரும்: தமிழ்ச் சொல்வளத்தைப் பெருக்க ஒரு வழி

சொல்வளம் வேணும்னு யாராவது கேட்டா உடனே வர்ற யோசனை, டெய்லி பத்து புது வார்த்தையை மனப்பாடம் பண்ணுங்கங்கிறதுதான். எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்ல. அழகு, எழில், வனப்பு, கவின், பொலிவுன்னு ஒரே மூச்சுல ஒப்பிக்கிறவங்களைப் பாத்திருக்கேன், ஆனா ஒரு பத்தி எழுதச் சொன்னா எல்லா எடத்துலயும் 'அழகான'தான் வந்து நிக்கும், மத்த நாலும் மண்டைக்குள்ளயே தூங்கும். ஏன்னா அந்த நாலும் எங்க உக்காரும்னு அவங்களுக்கு யாரும் காட்டல. எழில் மலைக்கும் ஆத்துக்கும் வரும், 'உங்க புடவை எழிலா இருக்கு'ன்னு மாம்பலத்துல யாரும் சொல்றதில்ல. பொலிவு முகத்துக்கு வரும், வெள்ளையடிச்ச வீட்டுக்கு வரும். பேச்சுல பாத்தீங்கன்னா பொண்ணு லட்சணமா இருக்கா, கோலம் அம்சமா இருக்கு, தையல் நேர்த்தியா இருக்கு, கொழந்த துறுதுறுன்னு இருக்குன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு சொல்லு வெச்சிருக்கோம், இதுல ஒண்ணு கூட அந்த மனப்பாட லிஸ்ட்ல கெடையாது.

நான் சென்னையில பிழை திருத்துற வேலை பாக்குறேன், நாள் முழுக்க அடுத்தவங்க எழுதுன தமிழைத்தான் படிக்கிறேன். எழுத்துப் பிழை ஒரு பிரச்சனையே இல்ல, அதைத் திருத்திடலாம். ஒரு சொல்லு தனக்கு சம்பந்தமில்லாத எடத்துல வந்து உக்காந்திருக்குறதுதான் பெரிய தலைவலி. அதனால நான் சொல்ற வழி ஒண்ணே ஒண்ணுதான், சொல்லைத் தனியா புடிக்காதீங்க, அது வர்ற வாக்கியத்தோட சேத்துப் புடிங்க. அதை எப்படிச் செய்யறதுன்னுதான் இங்க எழுதப் போறேன்.

முதல்ல அந்த லிஸ்ட் பழக்கம் எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்துடலாம். நம்ம ஊர்ல நிகண்டுன்னு ஒரு பெரிய மரபே இருக்கு, திவாகரம், பிங்கலம், சூடாமணின்னு. ஒரு பொருளுக்கு எத்தன பேரு உண்டுன்னு செய்யுள்லயே அடுக்கி வெச்சிருப்பாங்க, அதை மாணவர்கள் மனப்பாடம் பண்ணுவாங்க. செய்யுள் எழுதுறவருக்கு எதுகை மோனைக்கும் அசை சீருக்கும் பொருந்துற மாதிரி பல சொல்லு கைவசம் இருக்கணும், அதுக்கு அந்த லிஸ்ட் அருமையான கருவி. 1732ல வீரமாமுனிவர் அகர வரிசையில சொல்லைத் தேடுற மாதிரி சதுரகராதின்னு ஒரு அகராதி பண்ணாரு. ஆனா நாம எழுதறது ஆபீஸ் மெயிலு, மனு, கட்டுரை, வாட்ஸ்அப்ல ஒரு நீளமான மெசேஜ், இதுக்கெல்லாம் ஒரே பொருளுக்குப் பத்துப் பேரு தேவையில்ல, இந்த எடத்துக்கு எதுங்கிறதுதான் தேவை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4ல தமிழ்ப் பகுதிக்கு 100 கேள்வி இருக்கு, அதுக்குப் படிக்கிற பசங்களும் இணைச்சொல், எதிர்ச்சொல்னு வெறும் லிஸ்ட்டாவே படிக்கிறாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாக்கியம் எழுதிப் படிச்சா பரீட்சைக்கும் நிக்கும், பரீட்சை முடிஞ்ச பிறகும் நிக்கும்.

அடுப்படியிலேருந்து ஆரம்பிங்க

இதுக்கு புத்தகமே வேணாம். வீட்ல சமைக்கும்போது பக்கத்துல நின்னு பேசறதைக் கவனிச்சாலே போதும். பாலு காய்ச்சுவோம், கஞ்சியும் காய்ச்சுவோம், ஆனா காபியைப் போடுவோம். சோறு வடிப்போம். இட்லி அவிப்போம், தோசை சுடுவோம் இல்ல ஊத்துவோம், சில வீட்ல வார்ப்போம்னு சொல்வாங்க. அப்பளத்தைச் சுட்டா வேற ருசி, பொரிச்சா வேற ருசி, அது ரெண்டும் வேற வேற வேலை. வெங்காயத்தை வதக்கணும், கடலைப்பருப்பை வறுக்கணும், கடுகைத் தாளிக்கணும். இந்த மூணுக்கும் கடாய் ஒண்ணுதான், ஆனா வதக்கும்போது ஈரம் இருக்கு, வறுக்கும்போது ஈரம் போகுது, தாளிக்கும்போது எண்ணெயில வெடிக்குது. ஒரு சொல்லுக்குள்ள எவ்வளவு தகவல் இருக்கு பாருங்க!

கீரைய மட்டும் எடுத்துக்கோங்க. மொதல்ல ஆயணும், முருங்கைக் கீரைன்னா உருவணும், கொத்தமல்லின்னா கிள்ளிப் போடலாம், அப்புறம் அலசணும் (தேய்க்க மாட்டோம், கழுவுறதும் அலசுறதும் ஒண்ணு இல்ல), அரியணும், வேக வெக்கணும், மத்து போட்டு கடையணும். மசிக்கிறதுன்னா உருளைக்கெழங்கு. அரைக்கிறதுன்னா மிக்ஸி. இடிக்கிறதுன்னா உரல்ல மிளகு. இப்ப இதையே ஒரு சமையல் வீடியோவுக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னா என்ன வருது தெரியுமா? 'கீரையை க்ளீன் பண்ணி, கட் பண்ணி, பாயில் பண்ணி, மேஷ் பண்ணிக்கோங்க.' அஞ்சாறு அருமையான வினைச்சொல்லு இருந்த எடத்துல ஒரே ஒரு 'பண்ணு' உக்காந்துடுச்சு. படிக்கிறவருக்கு கீரையை மத்தால கடையணுமா மிக்ஸியில அடிக்கணுமான்னு கூட தெரியாது.

இதுலேருந்துதான் நான் எல்லாருக்கும் கொடுக்குற முதல் பயிற்சி. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்க பேசற எழுதற ஒவ்வொரு 'பண்ணு'வையும் புடிங்க. 'கட் பண்ணு'ன்னு வாயில வந்தா நிறுத்தி யோசிங்க, இது எந்தக் கட்? மரத்தை வெட்டணும், காயை நறுக்கணும், நூலை அறுக்கணும், துணியைக் கத்தரிக்கணும், நகத்தை வெட்டணும், கரண்ட்டைத் துண்டிப்பாங்க, சம்பளத்தைப் புடிப்பாங்க, பேச்சை நிறுத்தணும், க்ளாஸுக்கு மட்டம் போடணும். 'மிஸ் பண்ணிட்டேன்'ன்னு வந்தா இன்னும் நல்லா யோசிங்க. பஸ்ஸைத் தவற விட்டேன், நல்ல சான்ஸைக் கோட்டை விட்டேன், ஒரு வரியைப் படிக்காம விட்டுட்டேன். ஊருக்குப் போன பாட்டியை நெனச்சு சொல்றதுன்னா 'கொழந்த உங்களைத் தேடுது'. அந்தத் 'தேடுது'க்குள்ள இருக்குற பாசம் 'மிஸ் பண்ணுது'ல இருக்கான்னு நீங்களே சொல்லிப் பாருங்க.

இதை நான் இங்கிலீஷ் வார்த்தையே கூடாதுன்னு சொல்றதா எடுத்துக்காதீங்க. பஸ், சிக்னல், சார்ஜர், ஆட்டோ, ஸ்விட்ச் எல்லாம் நம்ம பேச்சுல வேர் விட்டாச்சு, டீக்கடைல நின்னுக்கிட்டு 'மின்னேற்றி இருக்கா அண்ணே'ன்னு கேட்டா அதுவும் எடம் தெரியாத சொல்லுதான். நான் சொல்றது ஒரு கடன் சொல்லு வந்து நம்ம கிட்ட ஏற்கெனவே இருக்குற ஆறேழு சொல்லை ஒண்ணா அமுக்கிடுதே, அதை மட்டும் கவனிங்க. அதே மாதிரி சென்னைப் பேச்சையும் கீழா நெனைக்காதீங்க. கலீஜ்னா வெறும் அழுக்கு இல்ல, பாத்தாலே மூஞ்சி சுளிக்கிற அழுக்கு. பேஜார்னா எரிச்சலும் சலிப்பும் சேந்தது. நாலு பேரு உக்காந்து பேசற எடத்துல அந்தச் சொல்லுக்கு ஈடு கெடையாது, அதையே ஒரு மனுவுல எழுத முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜோடி சேத்துப் புடிங்க

தமிழ்ல பெயர்ச்சொல்லு தனக்குன்னு ஒரு வினையை வெச்சிருக்கும். இதைத்தான் நோட்ல எழுதணும். வழக்கு தொடுப்பாங்க, புகார் கொடுப்பாங்க, அபராதம் விதிப்பாங்க, தீர்ப்பு வழங்குவாங்க, மேல்முறையீடு செய்வாங்க. தப்பு செய்வோம், துரோகம் இழைப்போம், சாதனை படைப்போம், பதவி ஏப்போம், விரதம் இருப்போம், நேத்திக்கடன் செலுத்துவோம், கேள்வி எழுப்புவோம். மார்கழி சீசன்ல சபா பக்கம் போனீங்கன்னா வீணையும் மிருதங்கமும் வாசிப்பாங்க, கோயில்ல சங்கு ஊதுவாங்க, மேளம் கொட்டுவாங்க, தாளம் போடுவாங்க. தாளத்தை வாசிச்சாருன்னு எழுதினா படிக்கிறவரு அங்கயே நின்னுடுவாரு.

பத்திரிகைத் தமிழ்ல ஒரு வியாதி இருக்கு, 'மேற்கொள்'. ஆய்வு மேற்கொண்டார், பயணம் மேற்கொண்டார், ஆலோசனை மேற்கொண்டார், சோதனை மேற்கொண்டனர், தூய்மைப் பணி மேற்கொண்டனர். எல்லா பூட்டுக்கும் ஒரே சாவி போட்டுப் பாக்குற மாதிரி. ஆராஞ்சாரு, போனாரு, கலந்து பேசினாரு, சோதனை போட்டாங்க, கூட்டி அள்ளினாங்கன்னு எழுதினா என்ன கொறஞ்சிடப் போகுது? உங்க எழுத்துல 'மேற்கொள்' வந்தா அதை எடுத்துட்டு வாக்கியத்தை வாய் விட்டு சொல்லுங்க, உண்மையான வினை தானா மேல வரும்.

அளவுச் சொல்லும் இதே கதைதான். கோயம்பேடு மார்க்கெட்டுக்கு ஒரு தடவ காய் வாங்க இல்லாம காது கொடுக்கவே போயிட்டு வாங்க. வாழை தாரா இருக்கும், சீப்பா பிரிப்பாங்க. கீரை கட்டு, கறிவேப்பிலை கொத்து, தேங்கா குலை, வெத்தலை கவுளி, பூ முழம். பூவுலயே பாருங்க, உதிரிப்பூ எடை போட்டுத் தருவாங்க, கட்டினது சரம், பல பூவும் சேத்துக் கட்டினது கதம்பம், கழுத்துக்கு மாலை, கையில கொடுக்கச் செண்டு. வீட்டுக்கு வந்தா பூண்டு பல்லு, பலா சுளை, உப்பு சிட்டிகை, புளி எலுமிச்சங்காய் அளவு. குட்டிகளுக்குக் கூட தனித்தனிப் பேரு வெச்ச பாஷை இது, தொல்காப்பியம் மரபியல்ல பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவின்னு ஒன்பது பேரைச் சொல்லி எது எந்த உயிருக்கு வரும்னு அதுக்கப்புறம் விவரமா போகும். இன்னைக்கும் நாய்க்குட்டிங்கறோம், அணில்பிள்ளைங்கறோம், கோழிக்குஞ்சுங்கறோம், யாரும் மாத்திச் சொல்றதில்ல. அதே காது உங்களுக்கு மத்த சொல்லுக்கும் இருக்கு, பயன்படுத்தினா போதும்.

வலிக்கு எத்தனை சொல்லு

இதைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா சொல்லு சரியா வர்றதுனால நேரடியா பிரயோஜனம் இருக்குற எடம் இது. சென்ட்ரலுக்கு எதிர்ல இருக்குற ஜி.எச்.ல ஓ.பி. வரிசைல நின்னு பாருங்க, கிராமத்துலேருந்து வந்த பெரியவங்க டாக்டர் கிட்ட பேசறதைக் கேளுங்க. படிச்ச பசங்க 'வயிறு பெய்ன் டாக்டர், ரொம்ப பெய்ன்'னு நிறுத்திடுவாங்க. அந்தப் பெரியம்மா சொல்லுவாங்க, 'காலைலேருந்து புடுங்கி எடுக்குது சாமி, விட்டு விட்டு வருது, வெளிய போனா கடுக்குது.' டாக்டருக்குப் பாதி வேலை முடிஞ்சிடுச்சு.

வயிறு முறுக்குது, எரியுது, கடுக்குது, உப்பிக்கிட்டு இருக்கு, மந்தமா இருக்கு, பொரட்டுது. இதுல எதுவும் இன்னொண்ணுக்குப் பதிலா வராது. தலை பாரமா இருக்கு, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, கிறுகிறுன்னு சுத்துது. காலு கொடையுது, ஒளையுது, மரத்துப் போச்சு, இழுத்துப் புடிக்குது, சுளுக்கிக்கிச்சு. தோலு அரிக்குது, எரியுது, காந்துது. நெஞ்சு கரிக்குதுங்கிறதும், படபடன்னு அடிக்குதுங்கிறதும், இறுக்கிப் புடிக்குதுங்கிறதும் மூணு வேற சேதி, எதைச் சொல்றீங்கங்கிறதைப் பொறுத்து டாக்டர் கேக்குற அடுத்த கேள்வியே மாறும். (நெஞ்ச அழுத்துது, எடது கைக்கு இழுக்குது, வேர்த்துக் கொட்டுதுன்னா சொல்லைத் தேடிக்கிட்டு உக்காராதீங்க, 108க்கு அடிங்க.)

இந்தச் சொல்லெல்லாம் வீட்டுப் பெரியவங்க கிட்டதான் அதிகமா இருக்கு. பாட்டி கிட்ட உக்காந்து, 'முட்டி எப்படி வலிக்குது'ன்னு கேளுங்க. அவங்க சொல்ற பதிலை அப்படியே எழுதுங்க, உங்க பாஷைக்கு மாத்தாதீங்க. கேட்டதுல அவங்களுக்கும் ஒரு சந்தோஷம், நமக்கும் நாலு சொல்லு.

மாத்திப் போட்டுப் பாக்குறது

ரெண்டு சொல்லு ஒரே மாதிரி தெரிஞ்சா அதுக்கு ஒரு சோதனை இருக்கு. ஒரே வாக்கியத்துல ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டு வாய் விட்டு சொல்லணும், மனசுக்குள்ள சொல்றது பத்தாது. எது இடறுதோ அதுதான் வித்தியாசம் இருக்குற எடம்.

பழக்கம், வழக்கம் எடுத்துக்கோங்க. 'அவருக்கு வெத்தலை போடுற பழக்கம் இருக்கு', சரி. 'எங்க வீட்ல பொங்கலுக்குப் புதுப்பானை வாங்குறது வழக்கம்', சரி. இப்ப மாத்திப் போடுங்க, 'வெத்தலை போடுற வழக்கம் இருக்கு'ன்னா ஏதோ சடங்கு மாதிரி ஆயிடுது. அப்ப ஒருத்தரைப் பொறுத்தது பழக்கம், காலங்காலமா எல்லாரும் செஞ்சுட்டு வர்றது வழக்கம்னு உங்களுக்கே புரிஞ்சிடும், அகராதி தொறக்க வேண்டியதே இல்ல.

வாய்ப்பு, அபாயம். 'நாளைக்கு மழைக்கு வாய்ப்பு'ன்னா காதுக்கு ஒண்ணும் உறுத்தல. 'சுவர் இடிந்து உயிர்ப்பலி ஏற்பட வாய்ப்பு'ன்னு எழுதியிருக்காங்க, நானே திருத்தியிருக்கேன். உயிர் போறது ஒரு வாய்ப்பா? வாய்ப்புன்னா கெடைச்சா நல்லதுங்கற வாசனை அதுல ஒட்டிக்கிட்டு இருக்கு, கெட்டதுக்கு அபாயம்னோ ஆபத்துன்னோதான் வரணும். இதே மாதிரிதான் 'பலன்'. மருந்து சாப்பிட்ட பலன் உண்டு, குடிச்சதோட பலன்னு சொல்ல மாட்டோம், விளைவுன்னு சொல்லுவோம். சொல்ற தொனியில குத்திக் காட்டணும்னா மட்டும் பலன்னு சொல்லலாம், அது வேற வித்தை.

மனசு சம்பந்தப்பட்ட சொல்லுல இந்தச் சோதனை ரொம்ப உதவும். கோபம், ஆத்திரம், எரிச்சல், மனத்தாங்கல், ஆதங்கம். பஸ் கண்டக்டர் சில்லறை இல்லன்னா எரிச்சல். சம்பந்தி வீட்ல பத்திரிகை நேர்ல வந்து வெக்கலன்னா மனத்தாங்கல், அதைக் கோபம்னு எழுதினா விஷயமே பெருசாயிடும். நல்லா படிக்கிற பையன் பாதியில நின்னுட்டானேன்னு அவனோட வாத்தியாருக்கு இருக்குறது ஆதங்கம், அதுல கோபமும் இருக்கு, அக்கறையும் இருக்கு. ஆதங்கம் இருக்கணும்னா மொதல்ல அந்த விஷயத்து மேல ஒரு பற்று இருக்கணும். அதைக் கவனிக்காம 'விலை உயர்வால் பொதுமக்கள் ஆதங்கம்'னு தலைப்பு போட்டுடறாங்க, அது வெறும் அதிருப்தி.

மழை செய்திதான் நல்ல பாடப்புத்தகம்

சென்னைல இருக்குறவங்களுக்கு அக்டோபர் வந்தா தானா கெடைக்கிற பாடம் இது. வடகிழக்குப் பருவமழை நேரத்து செய்தியை ஒரு வாரம் அக்கறையா படிங்க, சொல்லை அளந்து போடறதுன்னா என்னன்னு புரியும். 24 மணி நேரத்துல 64.5 மில்லிமீட்டர்லேருந்து 115.5 வரைக்கும் பெஞ்சா கனமழை, அதுக்கு மேல 204.4 வரைக்கும் மிக கனமழை, அதையும் தாண்டினா அதி கனமழை. பேச்சுல நாம மூணையும் 'செம மழை'ன்னு சொல்லிடுவோம், ஆனா வானிலை மையம் 'அதி' போட்டா அந்த ஒரு எழுத்துச் சேர்க்கைக்கு ஒரு கணக்கு இருக்கு. 'ஓரிரு இடங்களில்'னு சொல்றதும் சும்மா இல்ல, அளவெடுக்குற நிலையங்கள்ல கால்வாசிக்குள்ள மழை பதிவாகும்னு அர்த்தம். காத்தழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், இது படிப்படியா ஏறுற வரிசை. அது உருவாகும், மையம் கொள்ளும், வலுப்பெறும், நகரும், கரையைக் கடக்கும், வலுவிழக்கும். இந்த வினைகளை அப்படியே நோட்ல ஏத்துங்க.

அடுத்து ஏரி. செம்பரம்பாக்கம் ஏரியோட முழு உயரம் 24 அடி, மொத்தக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. செய்தியில நீர்மட்டம்னு வந்தா அடி கணக்கு, இருப்புன்னு வந்தா மில்லியன் கனஅடி, நீர்வரத்துன்னும் வெளியேற்றம்னும் வந்தா விநாடிக்கு இத்தன கனஅடி. இந்த மூணையும் கொழப்பி ஃபார்வர்டு அனுப்பறவங்களாலதான் பாதி பதட்டம். அதை விட முக்கியம் வினைச்சொல்லு. ஏரி நிரம்பிச்சுங்கிறது சந்தோஷ சேதி. கலங்கல்ல, அதாவது ஏரி நெறஞ்சா மிச்சத் தண்ணி தானா வெளிய போற எடத்துல, வழியுதுன்னா ஏரி தன் வேலையைச் செய்யுது. மதகைத் தெறந்துட்டாங்கன்னா ஆத்தங்கரை ஓரம் இருக்குறவங்க நகரணும். கரை ஒடஞ்சிடுச்சுன்னா அது பேரழிவு. 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கத்துலேருந்து அடையாத்துல தண்ணி தெறந்து விட்டாங்க, கரை ஒடையல. இன்னைக்கும் சில பேரு 'அன்னைக்கு ஏரி ஒடஞ்சுதே'ன்னு பேச்சுவாக்குல சொல்லுவாங்க, நான் விடாம திருத்துவேன். தெறந்தாங்கன்னா தெறந்தவங்கன்னு ஒருத்தர் இருக்காங்க, எப்ப தெறந்தாங்க, எவ்வளவு தெறந்தாங்க, முன்கூட்டியே சொன்னாங்களான்னு கேள்வி கேக்க முடியும். ஒடஞ்சுதுன்னா கேள்வி கேக்க ஆளே இல்லாம போயிடுது. தெருவுல தண்ணி நிக்குறதுக்கும் இதேதான், 'வெள்ளம்'னா ஆறோ ஏரியோ பெருகி வந்தது, 'தேக்கம்'னா பெஞ்ச மழை வடிய வழியில்லாம நிக்குது. உங்க ஏரியா பத்தி மாநகராட்சிக்கு மனு எழுதும்போது எதைப் போடறீங்கங்கிறதை வெச்சுதான் அவங்க வடிகாலைப் பாப்பாங்களா இல்லையான்னு இருக்கு.

யாரு கிட்ட சொல்றோம்

சொல்லு சரியா இருந்தும் ஆளு மாறினா தப்பாயிடும். சாவு வீட்டு விஷயத்துல இது நல்லா தெரியும். பக்கத்து வீட்டு அக்கா கிட்ட 'தாத்தா தவறிட்டாராமே'ன்னுதான் கேப்போம். போஸ்டர்ல இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார்னு வரும், குடும்பத்தோட நம்பிக்கையைப் பொறுத்து. தலைவர்னா காலமானார், மறைந்தார். விபத்து செய்தியில உயிரிழந்தார். 'பலி'ன்னு தலைப்பு போடறது எடத்தை மிச்சப்படுத்தும், ஆனா அந்தக் குடும்பம் படிக்கும்போது எப்படி இருக்கும்னு யோசிச்சா எனக்கு அந்தச் சொல்லு வேணாம்.

'சொன்னார்'ங்கிறதும் அப்படித்தான். எழுதறவங்க ஒரே சொல்லு திரும்ப வருதேன்னு பயந்து தெரிவித்தார், குறிப்பிட்டார், வலியுறுத்தினார், ஒப்புக்கொண்டார்னு மாத்தி மாத்தி போடுவாங்க. ஒப்புக்கொண்டார்னா அதுக்கு முன்னாடி மறைச்சாருன்னு ஆயிடும். வலியுறுத்தினார்னா அழுத்திக் கேட்டாருன்னு அர்த்தம். அவர் சும்மா சொன்னாருன்னா 'சொன்னார்'னே நாலு தடவ வரட்டும், ஒண்ணும் குடி முழுகிப் போகாது. திரும்ப வராம இருக்கணுங்கிறதுக்காக மட்டும் சொல்லை மாத்தாதீங்க, அதுதான் சொல்வளம்னு பள்ளிக்கூடத்துலேருந்து நெறைய பேருக்கு மனசுல பதிஞ்சிருக்கு.

நோட்டு எப்படிப் போடறது

ஃபோன்லயே போடுங்க, கையில எப்பவும் இருக்குறது அதுதான். ஆனா தனிச் சொல்லா எழுதாதீங்க, கேட்ட வாக்கியத்தை முழுசா எழுதுங்க, யாரு யாரு கிட்ட சொன்னதுன்னும் சேத்து எழுதுங்க. உதாரணத்துக்கு 'பொலபொல'ன்னு மட்டும் எழுதினா ஒரு மாசம் கழிச்சு ஒண்ணும் நினைவுக்கு வராது. 'பொலபொலன்னு விடிஞ்சு போச்சு, இன்னும் பால்காரரைக் காணோம், வீட்டு ஓனரம்மா மாடியிலேருந்து' அப்படின்னு எழுதினா சொல்லும் நிக்கும், குரலும் நிக்கும். அப்புறம் கண்ணீரும் பொலபொலன்னுதான் கொட்டும், தீ மளமளன்னு பரவும், வெலை கிடுகிடுன்னு ஏறும், வேலை விறுவிறுன்னு நடக்கும்னு அது பக்கத்துலயே மத்ததும் வந்து சேரும். இரட்டைக் கிளவியெல்லாம் இப்படித்தான் சேக்கணும்.

எழுதினதை அந்த வாரத்துக்குள்ள ஒரு தடவயாவது நெசமா பயன்படுத்துங்க, யாருக்காவது அனுப்பற மெசேஜ்ல, சும்மா பேச்சுல. எதிர்ல இருக்குறவரு மொகம் மாறலன்னா சொல்லு சரியா உக்காந்துடுச்சுன்னு அர்த்தம். 'என்னது?'ன்னு கேட்டா எடம் பொருந்தலன்னு அர்த்தம், மறுபடி அந்த வாக்கியத்தைப் போய்ப் பாருங்க.

ர, ற கொழப்பமும் இதுலயே தீரும். கறை சட்டையில படியும், கரையில அலை மோதும்னு ரெண்டு வாக்கியம் கையில இருந்தா 'கரை படிந்த சட்டை'ன்னு எழுத கை வராது. உச்சரிப்பை வெச்சு கண்டுபுடிக்கிறது நம்ம ஊர்ல கஷ்டம், பேச்சுல எல்லாம் ஒண்ணா கலந்துடுச்சு.

அகராதி கடைசியில

அகராதியைக் கடைசியா சொல்றதுக்குக் காரணம் இருக்கு. மொதல்ல காதுல கேட்டு, மாத்திப் போட்டுப் பாத்துட்டு, அதுக்கப்புறமும் சந்தேகம் இருந்தா அங்க போங்க. இப்ப எழுதற பேசற தமிழுக்கு நான் கைய நீட்டுறது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 1992ல முதல் பதிப்பு வந்துச்சு, அப்புறம் விரிவாக்கி புதுப் பதிப்பும் வந்திருக்கு. அதுல பொருளோட எடுத்துக்காட்டு வாக்கியமும் கொடுத்திருப்பாங்க, பேச்சு வழக்கா, இலங்கை வழக்காங்கிற குறிப்பும் இருக்கும். நீங்க மொதல்ல படிக்க வேண்டியது அந்த எடுத்துக்காட்டைத்தான், பொருளை அப்புறம் பாத்துக்கலாம். பழைய இலக்கியத்துல ஒரு சொல்லு வந்தா சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன், 1924லேருந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்தது, லட்சத்துக்கு மேல சொல்லு இருக்கு. ஆனா அதுல இருக்குற எல்லா பொருளும் இன்னைக்கு வழக்குல இல்ல, ஒரு சொல்லுக்குப் பத்து பொருள் போட்டிருந்தா பத்தையும் எழுதலாம்னு நெனச்சுடாதீங்க. ஃபப்ரீஷியஸ், வின்ஸ்லோ அகராதிகளும் லெக்சிகனும் சிகாகோ பல்கலைக்கழகத்தோட தெற்காசிய அகராதித் தளத்துல இலவசமாவே தேடலாம்.

புத்தகமா பொரட்டிப் பாக்கணும்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூர் கன்னிமாரா, மவுண்ட் ரோட்ல தேவநேயப் பாவாணர் நூலகம், எது உங்களுக்குப் பக்கமோ அங்க போங்க. இந்த மாதிரி பெரிய அகராதிகளைப் பொதுவா வெளிய எடுத்துட்டுப் போக விட மாட்டாங்க, அதனால பாக்க வேண்டிய சொல்லையெல்லாம் வீட்லயே வாக்கியத்தோட எழுதி எடுத்துட்டுப் போயிடுங்க.